நீக்கலியல்: போடி ஊர்க்குழுவை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

பாயிரம்

ஏலக்காயை ஆராய மலைக்கு மேலே மயிலாடும்பாறையில் ஒரு நிலையம் இருக்கிறது. நியூட்ரினோவை ஆராய மலைக்கு அடியில், பொட்டிப்புரம் பக்கம், சுமார் 1,500 கோடி ரூபாயில் ஓர் ஆய்வகம் கட்ட 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. எதிர்ப்புக் கிளம்பி அது காகிதத்தோடு நிற்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவே, மலைக்கும் அடிவாரத்துக்குமாக ராப்பகலாய் ஏறி இறங்கும் மூன்றாவது பொருள் ஒன்றுண்டு. அதை ஆராய இன்றுவரை யாரும் ஒரு டீக்காசு ஒதுக்கியதில்லை. வாட்ஸ்அப்பில் உள்ள போடி ஊர்க்குழுவே இந்நூல் நுதலிய பொருள்.

பாயிரத்தில் எட்டுச் செய்தி சொல்ல வேண்டும் என்பது நன்னூல் விதி. எட்டு வரிக்கு மேல் போனால் யாரும் படிப்பதில்லை என்பதைக் குழு நடத்திக் கற்றவன் ஆகையால், இரண்டை மட்டும் சொல்கிறேன். ஆக்கியோன்: அட்மின். பெயரைப் போட்டால் நாளைக் காலையில் வாசலுக்கு ஆள் வரும். எல்லை: வடக்கே குரங்கணி, தெற்கே தேவாரம், கிழக்கே தேனி, மேற்கே டவர் கிடைக்கும் வரை.

இணையத் தமிழறிஞர்கள் இந்தப் பதவிக்கு மட்டுறுத்துநர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நல்ல சொல்தான். போடியில் ஒரு முறை சொல்லிப் பார்த்தேன். "மாத்திரை கொடுக்கிற ஆளா?" என்று கேட்டார்கள். ஆகவே அட்மின்.

இப்பதவி எனக்கு வந்த வழியும் ஆராயத் தக்கது. 2016இல் குழுவைத் தொடங்கிய நண்பர் திருப்பூருக்குப் பிழைக்கப் போனார். போகிற வேகத்தில் குழுவிலிருந்தும் வெளியேறினார். ஒரே அட்மின் வெளியேறினால், இருப்பவர்களில் யாரோ ஒருவரை வாட்ஸ்அப் தானாகப் பிடித்து அட்மினாக்கிவிடும். அரசன் வாரிசு இல்லாமல் போனால் பட்டத்து யானையிடம் மாலையைக் கொடுத்துத் தெருவில் விடுவார்கள், அது யார் கழுத்தில் போடுகிறதோ அவனே ராஜா என்று பழங்கதைகளில் வருமே, அதே முறை. நான் அப்போது பரோட்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். யானை இந்த ஆராய்ச்சியில் இன்னொரு முறையும் வரும்.

எண்ணியல்

மனித மூளை ஏறத்தாழ 150 பேரோடுதான் உறவை நினைவில் வைத்துப் பேண முடியும் என்று ராபின் டன்பார் என்ற பிரிட்டிஷ் மானுடவியலாளர் 1990களில் கணக்குச் சொன்னார். குரங்கினங்களின் மூளையை அளந்து எட்டிய கணக்கு. அவர் போடியில் ஒரு காதுகுத்துக்கும் வந்ததில்லை என்று தெரிகிறது. பத்திரிகை வைக்க விட்டுப்போன ஆட்களே இங்கே 150 தேறுவார்கள். விட்டுப்போனதை அத்தனை பேரும் ஆயுசுக்கும் நினைவில் வைத்திருப்பார்கள்.

வாட்ஸ்அப் ஒரு குழுவுக்கு 2016இல் 256 பேர் என்று வரம்பு வைத்தது. 2022 நடுவில் 512, அந்த ஆண்டுக் கடைசியில் 1,024. எல்லாம் இரண்டின் அடுக்குகள், கணினிக்குப் பிடித்த எண்கள். மனிதர்களுக்குப் பிடித்தவை 101, 501, 1,001. 2011 கணக்கெடுப்பின்படி போடி நகராட்சியில் 75,000 பேருக்கு மேல் இருக்க, 256ஐ வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஒன்றாம் குழு, இரண்டாம் குழு, மூன்றாம் குழு என்று பிரித்தோம். இரண்டாவதில் விழுந்தவர்கள் தங்களை யார் இரண்டாவதில் போட்டது என்று ஆறு வருடம் கேட்டார்கள். மூன்றாவதில் இருந்தவர்கள் கேட்கவே இல்லை, நேரே என் அப்பாவிடம் போய்ச் சொன்னார்கள்.

1,024 வந்தபோது மூன்றையும் ஒன்றாக்கினோம். மீட்டர் கேஜை அகலப்பாதை ஆக்குவதுபோல என்று பெருமையாக அறிவித்தேன். சொல்லியிருக்கக் கூடாது. மதுரை–போடி ரயில் 1928இல் வந்தது. அகலப்பாதைக்காக 2010 கடைசியில் நிறுத்தினார்கள். குழுவில் நாள் தவறாமல் வந்த ஒரே கேள்வி "ரயில் எப்ப வரும்?" என்பதுதான். பன்னிரண்டு வருடத்துக்கு மேல் கழித்து 2023 ஜூன் 15 அன்று ரயில் வந்தேவிட்டது. அன்றிரவு குழுவில் ஓர் அமைதி. பேச ஒன்றுமில்லாத ஊரின் அமைதி. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு முதல் கேள்வி விழுந்தது: "மெட்ராஸ் வண்டி வாரத்துக்கு மூணு நாள்தானா? டெய்லி எப்ப விடுவாக?" எனக்கு உயிர் வந்தது.

காய்வகையியல்

தரம் பிரிக்கத் தெரியாதவன் போடியில் இல்லை. நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலக்காய் மின்னேல மையம் ஒன்று இங்கே, இன்னொன்று மலைக்கு மேலே புத்தடியில். வியாபாரிகள் கணினி முன்னால் உட்கார்ந்திருக்க, ஒவ்வொரு லாட்டின் மாதிரியும் கைக்கு வரும். நிறம் பார்ப்பார்கள். ஒரு காயை நகத்தால் பிளந்து உள்ளே அரிசி கறுத்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். மோந்து பார்ப்பார்கள். சல்லடையில் 8 மில்லிமீட்டருக்கு மேல் நிற்பது ஒரு தரம், ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் விழுவது இன்னொரு தரம். எல்லாவற்றுக்கும் மேலாக லிட்டர் எடை என்று ஒன்று உண்டு: ஒரு லிட்டர் படியில் அளந்த காய் எத்தனை கிராம் நிற்கிறது என்பது. கண்ணுக்குப் பருத்த காய் உள்ளே சப்பையாக இருந்தால் லிட்டர் எடை காட்டிக்கொடுத்துவிடும்.

இந்த லிட்டர் எடையைக் குழுச் செய்திகளுக்குப் பொருத்திப் பார்த்ததே இவ்வாய்வாளனின் முதல் பங்களிப்பு. "மெட்டு ரோட்ல ஒம்பதாவது வளைவுல மரம் விழுந்து கெடக்கு, பஸ் நிக்குது" என்பது ஒற்றை வரி. போடிமெட்டுச் சாலையின் பதினேழு கொண்டை ஊசி வளைவில் எதில் என்றும் சொல்லியாயிற்று. சல்லடையில் நிற்காத சின்னக் காய், ஆனால் எடை கனம். "இதைப் பகிராதவன் தமிழனே அல்ல" என்று தொடங்கி நாற்பது வரி ஓடுவது பார்க்கக் குண்டுக்காய். பிளந்தால் உள்ளே காற்று.

அஃதேல், ரத்தம் கேட்கும் செய்தி எத்தரம் எனின்: காயைப் பிளந்து பார்த்தாலன்றித் தெரியாது. அதில் உள்ள எண்ணுக்கு அடித்துப் பார்க்க வேண்டும். பத்தில் ஒன்று உண்மையாக இருக்கும். அந்த ஒன்றுக்காகத்தான் மற்ற ஒன்பதையும் அடித்துப் பார்க்கிறோம். ஒரு முறை எடுத்தவர், "அந்தப் புள்ளைக்கு இப்பக் காலேஜு சீட்டு தேடிக்கிருக்கோம், அதுக்கு எதும் குரூப் இருக்கா?" என்று கேட்டார்.

விலைச் செய்தி தனி வகை. ஏலம் நடத்திய கம்பெனி, வந்த சரக்கு, விற்ற சரக்கு, அதிகபட்சம், சராசரி என்று ஐந்து வரிக்குள் அடங்கும். யாரும் பதில் போட மாட்டார்கள், ஆனால் எல்லோரும் படித்திருப்பார்கள். 2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் தொட்டபோது மட்டும் அந்த அமைதி உடைந்தது. முந்தின வருட வெள்ளத்திலும் அடுத்து வந்த வறட்சியிலும் ஏலத் தட்டைகள் போய்விட்டன. காய் இருந்தவனுக்கு 7,000, இல்லாதவனுக்குச் செய்தி மட்டும். அன்றைக்குக் குழுவில் பாயசத்துக்குப் போடும் நாலு காயைக் கணக்கிட்டு, ஒரு டம்ளர் பாயசத்தின் அடக்க விலையை ஒரு கணக்கு வாத்தியார் வெளியிட்டார். எனக்குத் தெரிந்து இக்குழுவில் வந்த ஒரே அசல் ஆராய்ச்சி அது.

கடைசி வகை காலை வணக்கம். ரோஜா, உதயசூரியன், ஆவி பறக்கும் காபி, ஓரத்தில் ஒரு பொன்மொழி. இந்தியர்கள் அனுப்பும் காலை வணக்கப் படங்களால் போன்கள் திணறுகின்றன என்று கூகுள்காரர்கள் கண்டறிந்ததாக 2018 ஜனவரியில் அமெரிக்காவின் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் எழுதியது. போடியில் இந்தப் படங்களுக்கு வேறொரு சிக்கலும் உண்டு. 1989இல் ஜெயலலிதா நின்று வென்ற தொகுதி, 2011இலிருந்து 2021 வரை மூன்று தடவை ஓ. பன்னீர்செல்வம் வென்ற தொகுதி. இங்கே சூரியன் உதிக்கிற படம் போட்டால் ஒரு கட்சி, தாமரை போட்டால் ஒரு கட்சி, செடியில் இரண்டு இலை தூக்கலாகத் தெரிந்தால் ஒரு கட்சி. இயற்கையே தேர்தல் ஆணையத்தில் பதிவு செய்யப்பட்டிருப்பதால், நடுநிலையாகக் காலை வணக்கம் சொல்ல மிஞ்சியது ரோஜா ஒன்றுதான்.

இந்த வகையை நான் சாயம் போட்ட காய் என்று தரம் பிரித்தேன். பச்சையாகத் தெரியும், கழுவினால் வெளுத்துவிடும். 2023 பொங்கலுக்குப் பிறகு காலை வணக்கத்துக்குத் தடை போட்டேன். இந்தத் தரப்பிரிப்பு தவறு என்பது பின்னால் விளங்கும்.

ஒரு நாளைப் பற்றி மட்டும் வகை பிரிக்காமல் சொல்லிவிட்டுப் போகிறேன். 2018 மார்ச் 11, குரங்கணி மலையில் தீப்பிடித்த ஞாயிற்றுக்கிழமை. மலையேறப் போனவர்களில் 23 பேர் இறந்துபோனார்கள். அன்றிரவு குழுவில் வந்ததெல்லாம் ஒற்றை வரிகள்: வண்டி எங்கே நிற்கிறது, பெட்ஷீட் எங்கே கிடைக்கும், போடி பெரியாஸ்பத்திரியில் யார் இருக்கிறார்கள். ஒரு பூ இல்லை, ஒரு பொன்மொழி இல்லை. நான் யாரையும் எதுவும் சொல்லவில்லை.

மலையியல்

மற்ற ஊர்க் குழுக்களில் இல்லாத இயற்கை விதி ஒன்று எங்களுக்கு உண்டு. விடிவதற்கு முன்னால் ஜீப்புகள் மலை ஏறும். பூப்பாறை, சாந்தன்பாறை, ராஜாக்காடு என்று ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும். முந்தல் தாண்டினால் டவர் விட்டு விட்டுத்தான் கிடைக்கும். மேலே ஏறினால் போன் கேரளாவைப் பிடித்துக்கொள்ளும். தோட்டத்துக்குள் போய்விட்டால் அதுவும் இல்லை. சாயங்காலம் ஜீப் இறங்கும்போது முந்தலில் எல்லாப் பைக்குள்ளும் ஒரே நேரத்தில் போன்கள் கூவும்.

இதனால் விளைவது யாதெனின், காலை ஏழரைக்கு ஒருவன் எய்த அம்பு சாயங்காலம் ஐந்தரைக்குத்தான் தைக்கும். எய்தவன் பகல் தூக்கம் போட்டு எழுந்து, சமாதானமாகி, சண்டைக்காரனின் மச்சானோடு டீ குடித்துக்கொண்டிருப்பான். அப்போது வந்து விழும்: "யாரைப் பார்த்துடா கேட்ட?" எதை என்று இவனுக்கு நினைவே இருக்காது. மேலே உருட்டிப் போய்த் தேடுவான். தேடிப் படித்ததும் காலைக் கோபம் புதிதாகப் பொங்கும்.

மேலைநாட்டு மட்டுறுத்தல் சாத்திரம் உடனே தலையிடு என்கிறது. போடி விதி வேறு: அஞ்சு மணிக்கு முன்னால் தீர்ப்புச் சொல்லாதே, பாதிப்பேர் மலையில் இருக்கிறார்கள்.

பொறுப்பியல்

இங்கே ஒரு தடை எழும். அட்மின் என்ற பதவிக்குச் சட்டத்தில் இடமுண்டா என்பர் சிலர். உண்டு. எங்கள் குழுவுக்கு மட்டும் இரண்டு உயர் நீதிமன்றங்கள் உண்டு. அடிவாரத்தில் சண்டை போட்டால் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அதே சண்டையைப் போடிமெட்டு செக்போஸ்ட்டைத் தாண்டிப் போட்டால் கொச்சியில் உள்ள கேரள உயர் நீதிமன்றம். பதினேழாவது வளைவில் போனை நீட்டிப் பிடித்தால் இரண்டுமே பேசும் என்று ஒரு வக்கீல் மாப்பிள்ளை சொன்னார். அவர் எப்போதும் அப்படித்தான் பேசுவார்.

நல்லவேளையாக நீதிமன்றங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. யாரோ எழுதிய அவதூறுக்கு அட்மினைப் பிடிப்பது, பத்திரிகையில் வந்த அவதூறுக்குக் காகிதம் தயாரித்தவனைப் பிடிப்பது போலாகும் என்று டில்லி உயர் நீதிமன்றம் 2016இல் சொன்னது. 2021இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர்க் கிளை, உறுப்பினர் போடுவதற்கு அட்மின் பொறுப்பாளி அல்லன் என்றது. அதே ஆண்டு டிசம்பரில் மதுரைக் கிளை அந்த வழியில் போனது. 2022 பிப்ரவரியில் கேரளமும் ஒத்துக்கொண்டது. நான்கு தீர்ப்பையும் நான் குழுவில் போட்டேன். "அப்ப எதுக்குய்யா நீ?" என்று ஒரு பதில் வந்தது. பதினோரு பேர் அதற்குக் கட்டைவிரல் காட்டினார்கள்.

நாக்பூர்க் கிளை போகிற போக்கில் ஒன்று சொல்லியிருக்கிறது. அதில்தான் என் ஆராய்ச்சியின் கரு இருக்கிறது. குழு தொடங்கியபின் அட்மினுக்கு உள்ள அதிகாரம் மிகக் குறைவு, ஆளைச் சேர்க்கலாம், நீக்கலாம், அவ்வளவுதான் என்கிறது தீர்ப்பு. கனம் கோர்ட்டார் இதை மிகக் குறைவு என்று எண்ணுகிறார்கள். போடியைப் பொறுத்தவரை இது மிக அதிகம். சேர்க்கலாம் என்பது சரி. நீக்கலாம் என்று எழுதியவர்கள் என் சித்தப்பாவைச் சந்தித்ததில்லை.

உலகத்து மட்டுறுத்தல் எல்லாம் முன்பின் தெரியாதவர்களை நினைத்து உண்டாக்கியது. நீக்கினால் ஆள் ஒழிந்தான், இருட்டில் போனான், கதை முடிந்தது. இங்கே நீக்கியவர் அரை மணி நேரத்தில் டீக்கடையில் எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். எண்ணை எடுத்துவிடலாம், ஆளை எடுக்க முடியாது. அழிப்பதும் அப்படியே. ஒரு செய்தியை நான் அழித்தால், அட்மின் இதை அழித்துவிட்டார் என்று வாட்ஸ்அப் அதே இடத்தில் போர்டு வைக்கும். அதுவரை அந்தச் செய்தியைப் பார்க்காதவன்கூட "என்ன போட்டாக? எனக்குத் தனியா அனுப்புங்க" என்பான். அழித்த செய்தியே இக்குழுவில் அதிகம் படிக்கப்பட்ட செய்தி.

தாமாக வெளியேறுவோர் நிலையையும் ஒரு வரி சொல்ல வேண்டும். முன்பெல்லாம் இன்னார் வெளியேறினார் என்று எல்லோருக்கும் தெரியும். சட்டமன்ற வெளிநடப்பு மாதிரி ஒரு கம்பீரம் இருந்தது. 2022 ஆகஸ்டில் அதை அட்மினுக்கு மட்டும் தெரிகிற மாதிரி ஆக்கிவிட்டார்கள். அதிலிருந்து, கோபித்துக்கொண்டு போகிறவர்கள் போவதற்கு முன்னால் முக்கால் மணி நேரம் பேசிவிட்டுப் போகிறார்கள்.

யானையியல்

2023 ஏப்ரல் 29 அன்று கேரள வனத்துறை சின்னக்கானல் பக்கம் அரிக்கொம்பன் என்ற யானையைப் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டது. ரேஷன் கடையை உடைத்து அரிசி தின்கிற கொம்பன் என்பதால் அந்தப் பெயர். கழுத்தில் ரேடியோ காலர் மாட்டியிருந்தார்கள். மே 27 காலையில் அது கம்பம் தெருக்களுக்குள் வந்துவிட்டது. கம்பத்தில் 144 போட்டார்கள்.

கம்பத்துக்கும் போடிக்கும் நடுவே முப்பது கிலோமீட்டருக்கு மேல். அன்று மத்தியானம் எங்கள் குழுவில் யானை தேவாரத்தில் இருந்தது. மூன்று மணிக்குக் கொட்டகுடி ஆற்றில் தண்ணீர் குடித்தது. மூன்றே காலுக்கு முந்தலில் நின்றது, அதே நேரம் அணைப்பிள்ளையார் கோயில் பக்கமும் நின்றது. குரல் பதிவுகளில் ஒரு பெண் அழுதாள், ஒருவர் "ஷட்டரைப் போடு, ஷட்டரைப் போடு" என்று கத்தினார். அந்தக் குரல் எந்த ஊர், எந்த வருடம் என்று கண்டுபிடிக்க எனக்கு நாற்பது நிமிடம் ஆனது. அது யானைக்கே அல்ல, ஏதோ ஒரு கடையடைப்புக்கு.

இங்கேதான் நியூட்ரினோ வருகிறது. நியூட்ரினோக்கள் மூன்று வகை. ஒரு வகையாகக் கிளம்பியது போகிற வழியிலேயே இன்னொரு வகையாக மாறிவிடும். அதைக் கண்டதற்காக ஜப்பானியர் ஒருவருக்கும் கனடாக்காரர் ஒருவருக்கும் 2015இல் நோபல் கொடுத்தார்கள். கம்பத்தில் ஒரு யானையாகக் கிளம்பிய செய்தி, உத்தமபாளையத்தில் குட்டியோடு கூடிய யானையாகி, போடியில் மூன்று யானையாக வந்து சேர்ந்ததை நான் கண்கூடாகப் பார்த்தேன். மலையைக் குடையவும் வேண்டியதில்லை, 1,500 கோடியும் வேண்டியதில்லை. ஸ்டாக்ஹோமில் இருந்து இன்னும் ஆள் வரவில்லை.

ஒரு செய்தியை ஐந்து இடத்துக்கு மேல் ஒரே நேரத்தில் அனுப்ப முடியாது என்று 2018 ஜூலையில் இந்தியாவில் வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது. வதந்தியால் ஆட்கள் அடிபட்டுச் செத்த வருடம் அது. 2020இல் அதிகம் சுற்றும் செய்திக்கு ஒரே ஒரு இடம்தான் என்று இறுக்கினார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் ஒரே இடத்தில் ஆயிரம் பேர் இருந்தால் ஒன்று போதுமே.

நான் அறிவித்தேன்: அடுத்த அறிவிப்பு வரை வனத்துறை சொல்வது தவிர வேறெதையும் யாரும் போடக் கூடாது. போட்டால் நீக்கப்படுவீர்கள். இரவு பன்னிரண்டு மணி வரை உட்கார்ந்து யானைகளை ஒவ்வொன்றாக அழித்தேன். குழு அடங்கியது. யாரும் ஒன்றும் போடவில்லை. என் ஆட்சியின் உச்சம் அந்த ஐந்து மணி நேரம்.

மே 28, விடிகாலை 4.42. சிவப்பு ரோஜா. மேலே பனித்துளி. "இனிய காலை வணக்கம்."

நீக்கலியல்

அனுப்பியவர் எங்களுக்கு மாமா முறை. முப்பது வருடமாக மலைக்கு ஜீப் ஓட்டுகிறவர். தடை போட்ட பிறகும் தினம் அதே நேரத்துக்கு ஒரு படம். மூன்று தடவை தனியாகச் சொல்லியிருந்தேன். மூன்று தடவையும் "சரிப்பா" என்று எழுதி, கீழே ஒரு ரோஜா வைத்திருந்தார். தூக்கம் கெட்ட கண்ணோடு அந்தப் பனித்துளியைப் பார்த்தேன். நீக்கு என்பதை அழுத்தினேன். குழுவின் ஏழு வருட வரலாற்றில் நடந்த ஒரே நீக்கம். கெட்டவார்த்தை எழுதியவன் இருந்தான், சீட்டுக்கம்பெனி விளம்பரம் போட்டவன் இருந்தான், மூன்று யானையை அனுப்பியவர் இருந்தார். நான் நீக்கியது ரோஜாவை.

இரண்டு நாள் கழித்துப் பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டார்.

"தம்பி, ஜீப்பு மாமாவுக்கு ஒடம்புக்கு எதுவும் முடியலையா?"

"ஏன்க்கா?"

"ரெண்டு நாளாப் பூ வரலையே. ஜீப்பு இல்லன்னு நெனச்சு நாங்க ஆறு பேரும் படுத்துட்டோம். ரெண்டு நாள் சம்பளம் போச்சு."

பிறகு அக்கா எனக்குப் பாடம் எடுத்தார். ரோஜா வந்தால் ஜீப் எடுத்தாயிற்று, ஐந்தேகாலுக்குள் தூக்குச்சட்டியோடு முக்குக்கு வந்துவிட வேண்டும். ரோஜா இரண்டு வந்தால் இரண்டாவது நடைக்கும் ஆள் வேண்டும், தங்கச்சியையும் எழுப்பலாம். தாமரை வந்தால் இன்றைக்கு மேல் தோட்டம், குளிர் ஆளைக் கொல்லும், ஸ்வெட்டர் வேண்டும். பிள்ளையார் படம் வந்தால் லீவு. தாமரையைப் பார்த்துவிட்டு இவர் கட்சிப் பிரச்சாரம் பண்ணுகிறார் என்று எனக்கு வந்த புகார் நினைவுக்கு வந்தது. புகார் கொடுத்தவர் ஓய்வு பெற்றவர், எட்டு மணிக்கு எழுகிறவர்.

"அதுக்கு ஜீப்புக்குத் தனிக் குரூப் இருக்கணுமேக்கா?"

"இருக்கு. அதுல ஒரே பேச்சு தம்பி. நம்ம குரூப்புலதான் அந்நேரத்துக்கு ஒருத்தரும் பேச மாட்டாக. பூ மட்டும் தனியா வரும், பளிச்சுன்னு தெரியும்."

அந்நேரத்துக்கு ஒருத்தரும் பேசாமல் இருந்தது என் நிர்வாகத்தால் என்று அதுவரை நினைத்திருந்தேன். காய்வகையியலில் சாயம் போட்ட காய் என்று நான் எழுதியதை அறிஞர்கள் இவ்விடத்தில் திருத்திக்கொள்க. லிட்டர் எடையில் அதற்கு மிஞ்சி இக்குழுவில் ஒன்றுமில்லை.

அஃதேல் அன்றைக்கே திரும்பச் சேர்க்காதது என்னை எனின், அட்மினுக்கும் ரோஷம் உண்டு என்க. விதியை எழுதியவன் நான். நாலு பேர் பார்க்க நீக்கிவிட்டு, மறுநாளே சேர்த்தால் என்ன மரியாதை? மாமா வந்து ஒரு வார்த்தை கேட்கட்டும் என்று இருந்தேன். மாமா கேட்கவில்லை. ஜீப்புக்காரர்கள் விடிகாலையில் ஆறு வீட்டுக்கும் மிஸ்டு கால் கொடுத்துச் சமாளித்தார்கள். யானையை ஜூன் 5 அன்று பிடித்து, களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோய் விட்டார்கள். அதை நீக்கியவர்களாலும் அதற்கு ஒரு காடு காட்ட முடிந்தது.

ஆவணியில் ஒரு கல்யாணம், எங்களுக்கும் மாமாவுக்கும் வேண்டிய வீடு. சாப்பிட்டுவிட்டு மொய் எழுதப் போனேன். மேஜையில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தவர் மாமா. அவர் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும், இந்தப் பக்கத்து மொய் நோட்டு பாதி அவர் எழுதியதுதான். எனக்கு முன்னால் நின்றவனைப் பார்த்ததுமே, "வாடா, ஒங்கப்பன் வரல?" என்று கேட்டுக்கொண்டே, அவன் சொல்லாமலே ஊர், தெரு, பேர் எல்லாம் எழுதி முடித்தார்.

நான் 501ஐ நீட்டினேன். தலை நிமிரவில்லை.

"எந்த ஊருங்க?"

"மாமா, நான்தான்."

"ஊரு சொல்லுங்க தம்பி. பின்னாடி ஆள் நிக்கிறாங்க."

பிறந்ததிலிருந்து என்னை வாடா போடா என்று கூப்பிட்ட வாய். அந்த 'ங்க' ஒன்றில் என்னை எங்கே கொண்டுபோய் விட்டார் என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை. முண்டந்துறைக்கும் அந்தப் பக்கம் இருக்கும்.

"போடி" என்றேன்.

எழுதினார். "போடியில எந்தத் தெருங்க?"

சொன்னேன். அவர் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி. எழுதினார்.

"பேரு? இனிசியல்? வீட்டுக்காரவுகளுக்கு என்ன முறை வேணும்?"

என்ன முறை என்று சொல்ல வாய் வரவில்லை. பின்னால் நின்றவர்களில் மூன்று பேர் குழுவில் உள்ளவர்கள். ஒருவன் இருமினான். மாமா 501 ரூபாயை எண்ணி, ரசீதைக் கிழித்து இரண்டு கையாலும் மரியாதையாகக் கொடுத்தார். "சாப்பிட்டுப் போங்க" என்றார். ஏற்கெனவே சாப்பிட்டிருந்தேன். மறுபடியும் போய்ப் பந்தியில் உட்கார்ந்தேன்.

அன்றிரவு பதினொன்றரைக்கு அவர் எண்ணைத் தேடிச் சேர்த்தேன். விதிகள் பகுதியில் காலை வணக்கம் பற்றிய வரியை எடுத்தேன். குழுவில் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முப்பது பேர் அந்நேரத்திலும் விழித்திருந்தது மட்டும் தெரிந்தது.

தூக்கம் வரவில்லை. 4.42க்குப் போன் ஒளிர்ந்தது. தாமரை.

சுவருக்கு அந்தப் பக்கம் விளக்குப் போடுகிற சத்தம் கேட்டது. பிறகு அக்காவின் குரல்: "ஏண்டி, அந்தச் சொட்டரை எங்க வச்ச?"